எழுதாத நாலு நாள்

"சைபர் போட்டுரட்டுமா பெரியம்மா?" என்று அந்தப் பிள்ளை கேட்டு வாயை மூடவும் கரண்டு போகவும் சரியாக இருந்தது. மின்விசிறி ரெண்டு சுற்று சும்மா சுற்றிவிட்டு நின்றது. கம்ப்யூட்டர் கண்ணை மூடிக்கொண்டது. ஆவுடையம்மாளின் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்ட 'போட்டுரு தாயி' என்கிற சொல் வெளியேயும் வராமல் உள்ளேயும் போகாமல் அங்கேயே நின்றது. "போச்சா, அரைமணி நேரமாவது ஆகும், அதுக்குள்ள யோசிச்சுச் சொல்லுங்க" என்று ரிஸ்வானா நாற்காலியை ஜன்னல் பக்கம் நகர்த்திக்கொண்டு பழைய நோட்டால் விசிற ஆரம்பித்தாள். யோசிக்க என்ன இருக்கிறது, ஒரு சைபர், நாலு இடத்தில். வட்டமாக ஒரு இழுப்பு. வீட்டுக்காரர் சங்கிலி எழுதுகிற சைபர் வட்டமாக இருக்காது, அடியில் கொஞ்சம் தொங்கும், கத்தரிக்காய் மாதிரி. அதைச் சொல்லி எத்தனை தடவை சிரித்திருக்கிறாள். அந்தக் கத்தரிக்காய் அந்த நாலு நாளில் இல்லை. அதுதானே இப்போது வந்து நிற்கிறது.

பொதுப்பணித்துறையின் கருங்கலோடைப் பிரிவு ஆபீசில் நாற்பத்தைந்து வருஷத்து மழைக்கணக்கு நோட்டையும் கம்ப்யூட்டரில் ஏற்ற வந்த பிள்ளை ரிஸ்வானா. கடையநல்லூர்க்காரி, ஆறு மாசத்துக்கு மட்டும் வேலை, கையில் மருதாணி இன்னும் அழியவில்லை. ஆவுடையம்மாளுக்கு இந்த ஆபீசில் வேலையும் இல்லை ஒன்றும் இல்லை. ஓடையைக் காவல் பார்த்து, மழையை அளந்து எழுதின கடைநிலை ஊழியர், லஸ்கர் சங்கிலியின் பெண்டாட்டி, அவ்வளவுதான். அவர் போய் ஆறு வருஷம் ஆகிறது. காலையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தவளைப் போன் போட்டுக் கூப்பிட்டு உட்கார வைத்து, திரையைக் காட்டி அந்தப் பிள்ளை சொன்னது இதுதான்: "எம்பத்தி நாலாம் வருஷம் நவம்பர் மாசம் பாருங்க. மழை இல்லாத நாளுக்கெல்லாம் உங்க வீட்டுக்காரர் ஒழுங்கா சைபர் எழுதியிருக்காரு. இந்த நாலு நாள் மட்டும் ஒண்ணுமே இல்ல, ஒரு கோடுகூட இல்ல. அஞ்சாம் நாள் பாத்தா இருநூத்திப் பன்னெண்டு மில்லிமீட்டர். இத்தனை வருஷத்துலயும் இதுதான் பெரிய மழை. நான் கம்ப்யூட்டர்ட்ட மழை பெஞ்ச நாளைக் காட்டுன்னு கேட்டேன், இந்த நாலும் வரல. சரி, பெய்யாத நாளைக் காட்டுன்னேன், அதுலயும் வரல. அந்த வருஷத்துக்கு முன்னூத்தி அறுபத்தாறு நாள். ரெண்டையும் கூட்டினா நாலு குறையுது. எங்கடா போச்சுன்னு மண்டையப் பிச்சுக்கிட்டேன். எழுதாததைக் காட்டுன்னு தனியாக் கேட்டாத்தான் வருது. அதுக்கு எழுதாததுன்னா மழையும் இல்ல, மழை இல்லாததும் இல்ல. இன்ஜினியர் சார் போன்ல, காலியா இருக்கதுக்கெல்லாம் சைபர்னு கம்ப்யூட்டர்ட்ட ஒரு வரியில சொல்லிட்டு அனுப்பிரும்மா, பன்னெண்டு மணிக்குள்ள வேணும்னுட்டாரு. எனக்குத்தான் மனசு கேக்கல. சைபர் எழுதத் தெரிஞ்ச மனுசன் ஏன் எழுதாம விட்டாரு?"

ஏன் எழுதாம விட்டாரு. கேட்டாளே ஒரு கேள்வி. நாற்பது வருஷமாக எந்த ஆபீசரும் கேட்காத கேள்வி. வந்தவர்கள் எல்லாரும் இருநூற்றிப் பன்னிரண்டைத்தான் பார்த்தார்கள், அதுக்கு மேலே இருந்த நாலு வரியை ஒருத்தரும் பார்க்கவில்லை. இந்தப் பிள்ளைக்குப் படித்த படிப்பா, இல்லை பிறவியிலேயே துருவுகிற புத்தியா. சைபர் என்றால் மழை பெய்யவில்லை என்று அர்த்தம். பெய்யாத நாலு நாளுக்கு அப்புறம் அஞ்சாம் நாள் வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது என்று ஆகிவிடும். அந்த ஒத்தை நாளை வைத்துத்தான் ஓடையில் எவ்வளவு தண்ணீர் வரும் என்று பார்த்து, வெள்ளம் ஏறுகிற மட்டத்தில் வெள்ளக்கல் நடப்போகிறார்கள். கல்லுக்குக் கீழே இருக்கிற வீடெல்லாம் காலி பண்ண வேண்டும். கீழத்தெரு பதினாறு வீடு, அதில் இவள் வீடும் ஒன்று. "உன் மாப்பிள்ளை அளந்த மழைதான் எங்களைத் தூக்கிட்டுப் போவப்போவுதாமே" என்று நேற்றுக் குழாயடியில் சுப்பக்கா சிரித்துக்கொண்டேதான் சொன்னாள், ஆனால் குடத்தைத் தூக்கும்போது முகத்தில் சிரிப்பு இல்லை. இவளுக்கென்ன, மகள் முத்துச்செல்வி தென்காசியில் இருக்கிறாள், ஒரு டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிடலாம். சுப்பக்கா எந்த பஸ்ஸில் ஏறுவாள். சைபர் இல்லை, அந்த இருநூற்றிப் பன்னிரண்டும் ஒத்தை நாள் மழை இல்லை என்று சொல்லிவிட்டால் கல் கீழே இறங்கிவிடும், வீடெல்லாம் தப்பிவிடும். சொல்ல வேண்டியதுதானே. சொன்னால் அடுத்த கேள்வி வருமே. லஸ்கர் எங்கே போயிருந்தார்? செத்துப்போன மனுசன் வந்து பதில் சொல்ல முடியாதே. நாலு நாள் ஆபீசை அம்போ என்று விட்டுவிட்டுப் போனவன் என்று அவர் பேர் கெட்டுப்போகுமே.

ஜன்னலுக்கு வெளியே முள்வேலிக்குள் மழைமானி நிற்கிறது, பச்சைப் பெயிண்ட் புதுசு. அப்போது செம்புத் தகட்டில் இருந்தது, மேலே புனல், உள்ளே ஒரு குப்பி, காலை எட்டரைக்குக் குப்பியை எடுத்துக் கண்ணாடிக் குவளையில் ஊற்றி, கோட்டைப் பார்த்து, நோட்டில் எழுத வேண்டும். வேலிக்கு அந்தப் பக்கம் லஸ்கர் வீடு இருந்தது, ஒத்தை அறையும் ஒரு சாய்ப்பும். இடித்துவிட்டு இப்போது ஜெனரேட்டர் வைக்க மேடை கட்டியிருக்கிறார்கள், ஜெனரேட்டர்தான் இன்னும் வரவில்லை. கல்யாணமாகி வந்த மூன்றாம் மாசம். இருபத்தொரு வயசு. அந்தக் கண்ணாடிக் குவளையை அவர் துடைக்கிற அழகு இருக்கிறதே, பெண்டாட்டி முகத்தைக்கூட அப்படிப் பார்த்தது கிடையாது. தொடப்போனால், "சர்க்கார் கண்ணாடிளா, தொடாத" என்பார். தொடாதே என்றால் கை சும்மா இருக்குமா. அவர் கிணற்றடியில் குளித்துக்கொண்டிருந்தபோது எடுத்தாள். கோடு கோடாக, நெல் மணி அளவு இடைவெளியில், நம்பர் போட்டு. மூணாங்கிளாஸ் வரை படித்தவளுக்கு நம்பர் தெரியாதா என்ன, ஒன்று ரெண்டு என்று வாய்விட்டு வாசித்துக்கொண்டே வெளிச்சத்துக்குத் தூக்கினாள். கையில் எண்ணெய்ப் பிசுக்கு. விழுந்த சத்தம்கூடப் பெரிசாக இல்லை. அம்மிக்கல் பக்கத்தில் தூள் தூளாகக் கிடந்தது. ஈரத்துண்டோடு வந்து நின்றவர் அடிக்கவில்லை. அடித்திருந்தால்கூடத் தேவலை. "கைநாட்டுக்கு எதுக்குளா கண்ணாடி" என்றார். இன்றைக்கும் அந்தக் குரல் காதில் அப்படியே இருக்கிறது, அதைச் சொன்ன வாயை அவள் எப்போதோ மன்னித்துவிட்டாள், குரல் மட்டும் மன்னிப்பு வாங்காமல் கிடக்கிறது. கைநாட்டாம். மாப்பிள்ளை பார்க்க வந்த அன்றைக்கே பேர் எழுதிக் காட்டினவளை. பேசாமல் மாற்றுச்சேலையைப் பையில் சுருட்டிக்கொண்டு நடந்தாள். பதினாலு கிலோமீட்டர், ஆலங்கிணற்றுக்கு, அம்மா வீட்டுக்கு. வானம் அப்போதே கறுத்துத்தான் கிடந்தது.

அந்தப் பாதையை நினைத்தால் முதலில் செம்மண் வாசம்தான் வரும், அப்புறம் ஈரச்சேலை கால் நடுவே சிக்கிச் சிக்கி நடையைத் தடுத்தது. திரும்பிப் பார்க்கக் கூடாது என்று வைராக்கியம். நாலு மைலுக்கு மேல் போனபிறகு பின்னால் ஒரு சைக்கிள் மணி. சங்கிலி சைக்கிளில் மணி கிடையாது, அதனால் அவர் இல்லை என்று நினைத்தாள். பார்த்தால் அவர்தான், எவன் சைக்கிளையோ எடுத்துக்கொண்டு வந்திருக்கிறார். "ஏறு" என்றார். "மாட்டேன்" என்றாள். அவரும் இறங்கி உருட்டிக்கொண்டே கூட நடந்தார். தூறல் வலுத்து மழை பிடித்தது. தரைப்பாலத்துக்கு வந்தால் பாலத்தைக் காணோம், செந்தண்ணீர் மட்டும் போகிறது. திரும்பலாம் என்றால் பின்னால் இருந்த பள்ளமும் நிறைந்துபோயிற்று. நடுவில் ஒரு செங்கல் சூளை, மழைக்காலம் ஆனதால் ஆள் இல்லை, ஓலைக் கொட்டகை மட்டும். அதில் நாலு நாள். யார்கிட்டேயும் சொல்லாத நாலு நாள். சுடாத செங்கல் அடுக்கு மழையில் கரைந்து உட்கார்ந்துகொண்டே இருந்தது. பக்கத்துக் காட்டில் மரச்சீனிக் கிழங்கு பிடுங்கிக்கொண்டு வந்து அவித்தார், உப்பு இல்லை. "உப்பு இல்லேன்னு அம்மா வீட்டுல போய்ச் சொல்லிராத" என்றார், அதுதான் அவர் சமாதானத்துக்குச் சொன்ன முதல் வார்த்தை. சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டு கிழங்கைத் தின்றாள். முதல் நாள் ராத்திரி ஆளுக்கொரு மூலை. மறுநாள் காலையில் எட்டரை மணி ஆனதும் அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை, எழுந்து வாசலுக்கு வந்து ஆபீஸ் இருக்கிற திசையைப் பார்த்துக்கொண்டு நின்றார், புள்ளையைத் தொட்டிலில் போட்டுவிட்டு வந்தவர் மாதிரி. அதுக்கும் மறுநாள் எட்டரைக்கு வாசல் வரைக்கும் போகவில்லை, இருந்த இடத்திலேயே தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டுப் படுத்துக்கொண்டார். கடைசி நாள் எட்டரைக்கு அவர் தூங்கிக்கொண்டிருந்தார், வாய் லேசாகத் திறந்து, இவள் கை மேல் தலையை வைத்து. கை மரத்துப்போயிற்று. எடுக்கவில்லை. ஓலையில் மழை விழுகிற சத்தம் நெல்லை முறத்தில் கொட்டுகிற மாதிரி ஒரு நேரம், யாரோ தூரத்தில் கை தட்டுகிற மாதிரி ஒரு நேரம். அடுத்த ஆவணியில் முத்துச்செல்வி பிறந்தாள். மாசத்தைக் கணக்குப் பார்த்தது இவளுக்கு மட்டும்தான் தெரியும்.

"உஸ், என்ன வெக்கை" என்று ரிஸ்வானா சொன்னாள். "கரண்டு பதினொண்ணரைக்காவது வந்தாத் தேவல. தண்ணி குடிக்கீங்களா பெரியம்மா?" வேண்டாம் என்று ஆவுடையம்மாள் தலையை ஆட்டினாள், பிறகு வாங்கிக் குடித்தாள். தண்ணீரில் பாட்டில் வாசம் அடித்தது. இந்த வெக்கையில் உட்கார்ந்து நாற்பது வருஷத்து மழையில் நனைகிறோமே என்று இருந்தது.

அஞ்சாம் நாள் விடியும் முன்னாலேயே கிளம்பினார்கள், பள்ளம் வடிந்திருந்தது. வழியில் பக்கத்துப் பிரிவு லஸ்கரை எழுப்பி, அவரிடம் உபரியாக இருந்த குவளையை வாங்கிச் சேலைத்துணியில் சுற்றி இவள் மடியில் வைத்துக்கொண்டாள், கைநாட்டு மடியில் சர்க்கார் கண்ணாடி. எட்டரைக்கு வந்து சேர்ந்தார்கள், சொல்லி வைத்த மாதிரி. மழைமானியைத் திறந்தால் குப்பி நிறைந்து வழிந்து வெளிக் கூட்டிலும் தண்ணீர். அவர் ஊற்ற ஊற்ற இவள் கோட்டைப் பார்த்துச் சொன்னாள். ஒவ்வொரு குவளைக்கும் தரையில் கரியால் ஒரு கோடு. இருநூற்றிப் பன்னிரண்டு. அன்றைக்கு ஆரம்பித்ததுதான், அவர் வேலையை விட்டு வருகிற வரைக்கும் முப்பத்தோரு வருஷம் நம்பர் வாசித்தது இவள், எழுதினது மட்டும்தான் அவர். நோட்டை விரித்து வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார். அஞ்சாகப் பிரித்து எழுதினால் என்ன என்று இவள்தான் கேட்டாள். "எந்த நாள் எவ்வளவுன்னு நீ பாத்தியா? அளக்காததுக்கு ஏதுளா நம்பர்." சரி, சைபர்? "பெஞ்ச மழைக்குச் சைபர் போட்டா கை அழுகிரும்." அப்புறம் அளந்த தேதிக்கு அளந்ததை எழுதினார், மேலே நாலு வரியைச் சும்மா விட்டார். எவனாவது கேட்டால் சொல்லிவிடுவோம் என்றுதான் விட்டார். அவர் பொய் சொல்லவில்லை. அதுதான் சத்தியம். கேட்கத்தான் ஆள் வரவில்லை. அதற்குப் பதிலாகப் பெரிய இன்ஜினியர் ஜீப்பில் வந்தார், ஒரே நாளில் இருநூற்றிப் பன்னிரண்டா என்று தோளைத் தட்டினார், பள்ளிக்கூட மைதானத்தில் மேடை போட்டு, பெருமழையிலும் கடமை தவறாத ஊழியர் என்று அச்சடித்த பத்திரம் கொடுத்தார். மைக்கைச் சங்கிலி வாய்கிட்டே கொண்டுபோனார்கள். அவர் கண் கூட்டத்தில் இவளைத் தேடியது. இவள் தலையைக் குனிந்துகொண்டாள். அங்கேதான் முடிச்சு விழுந்தது. இவள் நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்திருந்தால் அவர் சொல்லியிருப்பார், நிச்சயம் சொல்லியிருப்பார். ஊர் முன்னால், பெண்டாட்டி பின்னால் ஓடினேன் என்று சொல்லச் சொல்லவா முடியும், இவள் இருபத்தொரு வயசுப் பிள்ளை, வெட்கம் பிடுங்கித் தின்றது. அவர் மைக்கில் "நன்றி" என்றார். அதோடு சரி.

அப்புறம் அந்த மழை தானாகவே வளர்ந்துவிட்டது. அஞ்சு நாள் பெய்ததை எல்லாரும் பார்த்தவர்கள்தானே, நனைந்தவர்கள்தானே. மேடையில் ஒரே நாள் என்று சொல்லிவிட்டதால் ஊரே அதை ஒரே நாளாக ஞாபகம் வைத்துக்கொண்டது. டீக்கடை இசக்கி, "காலையில ஆரம்பிச்சு விளக்கு வைக்கதுக்குள்ள என் வெள்ளாடு கூரைக்கு நீந்திப் போயிட்டுல்லா" என்பான். ஆடு நீந்தினது நிஜமா என்று கேட்டால், "லஸ்கரே எழுதி வச்சிருக்காருல்லா" என்பான். சங்கிலி அந்தக் கடைக்கு டீ குடிக்கப் போவதையே நிறுத்தினார். முதலில் நாலு வருஷம் அந்தப் பேச்சு வந்தால் எழுந்து போவார். அப்புறம் உட்கார்ந்திருப்பார், பேச மாட்டார். கடைசிக் காலத்தில், ஆஸ்பத்திரிக் கட்டிலில், ஒரு நாள் "ஏளா, அந்தச் சூளை இன்னும் இருக்கா?" என்று கேட்டார். இல்லை, அங்கே பெட்ரோல் பங்கு வந்துவிட்டது என்றாள். இருக்கு என்று சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை. எப்போதும் இந்த வாய் சொல்ல வேண்டியதைச் சொல்லாது, வேண்டாததைச் சொல்லும். இப்போதும் பார், போட்டுரு என்று வருகிறதே ஒழிய வேறு வருகிறதா. சைபர் போட்டால் அவர் பேர் இருக்கும். பத்திரம் பொய்யாகாது. இசக்கி ஆடும் நீந்திக்கொண்டே இருக்கும். ஆனால் அந்த நாலு நாளும் காய்ந்துபோகுமே. ஓலையில் விழுந்த சத்தம், கரைந்த செங்கல், உப்பில்லாக் கிழங்கு, எல்லாம் வெயில் அடித்த நாள் என்று ஆகிவிடுமே. இத்தனை நாள் அது நோட்டில் வெறுமையாக இருந்தாலும் இருந்தது, அவர் விட்டு வைத்த இடம். மழை பெய்ததா என்றால் தெரியாது, பெய்யலையா என்றால் தெரியாது, அளக்கிறவன் இல்லை, அவ்வளவுதான். சாகிற வரைக்கும் அந்த மனுசன் ஒரு சைபரைப் போட்டு நிம்மதியாக இருந்திருக்கலாம், போடவில்லை. அவர் போடாததை நான் போடச் சொல்லலாமா. சுப்பக்கா குடத்தைத் தூக்கினபோது இடுப்பைப் பிடித்துக்கொண்டாள், அவளுக்கு இப்போதெல்லாம் மூட்டு வலி. பதினாறு வீடு. பேர் என்ன பேர், போன மனுசனுக்குப் பேர் சோறு போடுமா. போடாது. ஆனால் முத்துச்செல்வி காதுக்குப் போகும், மருமகன் காதுக்குப் போகும், உங்க அப்பா டிமிக்கி கொடுத்தாராமே என்பான். என்பான், என்ன இப்போது. என்பானா? நல்ல பையன்தான். இருந்தாலும்.

மின்விசிறி முனகியது. ஒரு சுற்று, ரெண்டு சுற்று. கம்ப்யூட்டர் நீலமாக விழித்தது. "வந்துட்டு!" என்று ரிஸ்வானா நாற்காலியை இழுத்துப் போட்டாள். நாலு தேதியும் வரிசையாகத் திரும்ப வந்தன. "மணி பதினொன்னே முக்கால். சொல்லுங்க பெரியம்மா, போட்டுரட்டுமா?"

"போடாத."

சொன்னது தன் வாய்தானா என்று ஆவுடையம்மாளுக்கே சந்தேகமாக இருந்தது. பிள்ளை திரும்பிப் பார்த்தாள்.

"போடாத தாயி. அந்த நாலு நாளும் மழை. அந்த இருநூத்திச் சொச்சம் ஒரு நாள் மழை இல்ல, அஞ்சு நாளையும் சேத்து அளந்தது. நாந்தான் நம்பரு வாசிச்சேன்."

ரிஸ்வானா திரையை மேலும் கீழும் நகர்த்திப் பார்த்தாள். "அப்ப இது பெரிய மழையே இல்ல. அடுத்ததுன்னு பாத்தா நூத்திப் பதினெட்டு. கல்லு எங்கயோ கீழ போயிருமே பெரியம்மா!" என்றவள், உடனே குரலைத் தணித்தாள். "சார் விட மாட்டாரு. ஏன் அளக்கலன்னு காரணம் எழுதச் சொல்லுவாரு. குவளை கிவளை உடைஞ்சுபோச்சா? அப்படீன்னாப் பிரச்சினை இல்ல, கருவி பழுதுன்னு ஒரு வரி எழுதிருவேன், முடிஞ்சுபோச்சு."

உடைந்ததும் நிஜம்தான். அதை மட்டும் சொல்லிவிட்டால் போதும், அந்தப் பிள்ளையே வழியை எடுத்துக் கொடுத்துவிட்டாள். ஆவுடையம்மாள் ஒரு மூச்சு அந்த வழியில் போய்விட்டுத் திரும்பினாள்.

"உடைஞ்சுது. நான் உடைச்சேன். ஆனா அதுனால இல்ல. குவளைக்கு ஒரு நாள் போதும், வாங்கிட்டு வந்துருவாரு. கோவிச்சுக்கிட்டு நான் எங்கம்மா வீட்டுக்கு நடந்துட்டேன். அவரு எல்லாத்தையும் போட்டது போட்டபடி போட்டுட்டு என் பின்னால வந்துட்டாரு."

"அப்படியே எழுதவா?" ரிஸ்வானாவின் கண் ஓரத்தில் சிரிப்பு ஏறிவிட்டது, அடக்கப் பார்த்தாள்.

"அப்படியே எழுது. லஸ்கர் பொஞ்சாதியக் கூப்பிடப் போயிருந்தாருன்னு எழுது. இன்ஜினியருக்குக் கல்யாணம் ஆயிட்டுல்லா?"

"ஆயிட்டு, ஆயிட்டு" என்று அந்தப் பிள்ளை வாய்விட்டே சிரித்துவிட்டாள். தட்டத் தட்ட எழுத்து ஒவ்வொன்றாக ஓடியது, ஆவுடையம்மாள் எழுத்துக் கூட்டி வாசித்துக்கொண்டே பின்னால் போனாள். சங்கிலி, லஸ்கர், பணியிடத்தில் இல்லை. அந்த இடத்தை ரெண்டு தடவை வாசித்தாள். பிறகு அடுத்த எழுத்துக்குப் போனாள். தட்டி முடித்த பிறகும் ரிஸ்வானா அனுப்பாமல் கையை அப்படியே வைத்திருந்தாள்.

"அப்ப அந்த நாலு நாள் இங்க எவ்வளவு மழைன்னு யாருக்குமே தெரியாது."

"தெரியாது."

"நீங்க ரெண்டு பேரும் இருந்த இடத்துல?"

"நல்ல மழை தாயி" என்றாள் ஆவுடையம்மாள், எழுந்து சேலைத் தலைப்பை இழுத்துச் சொருகிக்கொண்டே. "நல்ல மழை. அளக்கல."